மரநாய் பீய்ச்சிய வீடு

எண்பதுகளின் நடுவில், கல்யாணமான மறு வருஷம், கோவில்பதாகையில் குடியிருந்தோம். எனக்கு மசக்கை, கடுகு தாளித்தாலே குடலைப் புரட்டும். அந்த நேரம் பார்த்துத்தான் என் கணவரின் நாய் பின்பக்கத்து விறகுக் கொட்டகையில் ஒரு மரநாயை மடக்கியது.

மடக்கியது என்று சொல்வது நாய்க்குக் கொடுக்கிற மரியாதை. மரநாய் வாலைத் தூக்கி அதன் மூஞ்சியிலேயே பீய்ச்சிவிட்டுக் கூரை வழியாகப் போய்விட்டது. எங்கள் நாலுகால் வீரர் ஊளையிட்டபடி உள்ளே ஓடி வந்து, நான் படுத்திருந்த பாயில் முகத்தைத் தேய்த்தார். அழுகிய முட்டையையும் ரப்பரையும் சேர்த்து எரித்த மாதிரி நாற்றம். மூக்கைப் பொத்தினால் நாக்கில் கசந்தது.

பக்கத்து போர்ஷன் அக்கா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு வந்தார்.

"இன்னாமா இது, எலி செத்தாக்கூட இப்டி நாறாதே. நல்லெண்ணெ தேச்சி ஊற வெச்சி, சீயக்கா போட்டுக் குளிப்பாட்டு. சாம்பிராணி காட்டு. அல்லாம் பூடும்."

தலை தீபாவளி மாப்பிள்ளைக்குச் செய்கிற உபசாரம். என் கணவர் ஒன்று விடாமல் நாய்க்குச் செய்தார். எண்ணெயோடு அந்த நாற்றச் சனியன் ரோமத்தின் அடிவரை இறங்கியது. சீயக்காய் பாதி எண்ணெயைக்கூட எடுக்கவில்லை. சாம்பிராணிப் புகை மிச்ச நாற்றத்தைத் தூக்கிக்கொண்டு அறை அறையாகப் போனது. இன்றைக்கும் யாராவது சாம்பிராணி போட்டால் நான் எழுந்து வெளியே போய்விடுவேன்.

கிணற்றடியில் வாந்தி எடுத்துவிட்டு நிமிர்ந்தேன். "இந்த ஊட்ல ஒண்ணு அது இருக்கணும், இல்லாங்காட்டி நான் இருக்கணும்."

என்னைவிட அது அவரோடு அதிக நாள் இருந்த நாய். இருந்தும் அவர், பாடியில் வேலை பார்த்த கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு, அதைக் கூடையில் வைத்து சைக்கிள் கேரியரில் கட்டினார். செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கம் விட்டுவிட்டு வருவதாகச் சொல்லிக் கிளம்பினார்.

சாயங்காலம் வந்தார், நாயோடு.

"பஸ்ல ஏத்த மாட்டேன்னுட்டாம்மா கண்டக்டரு" என்றார்.

சைக்கிளில் போனவருக்கு பஸ் எதற்கு என்று நான் கேட்கவில்லை. வாயைத் திறந்தால் நாற்றம் உள்ளே போகும். பகலெல்லாம் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு எங்கேயோ உட்கார்ந்திருக்கிறார்; சட்டை, கை, தலைமயிர் எல்லாம் அதே கண்றாவி. படியேறாமல் கேட்டுக்கு வெளியிலேயே நின்றார்.

"நீ கதவ சாத்திக்கோ. வாடை போற வரைக்கும் நான் இத்தோட கொட்டாய்ல படுத்துக்கிறேன்."

என்னையும் விட முடியாமல் அதையும் விட முடியாமல் நின்ற மனுஷனைப் பார்த்துக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஒரு தலையணையைத் தூரத்திலிருந்தே எறிந்துவிட்டுக் கதவைச் சாத்தினேன். இந்த நாற்றத்தையே கைவிடாத ஆள் என் பிள்ளையைக் கைவிட மாட்டார் என்று நினைத்தேன். அதை நினைத்து முடிப்பதற்குள் மறுபடி குமட்டியது.