திருவிழாவுக்காகப் போட்ட மாத்திரை

எங்கள் வீட்டில் யாருக்கு எப்போது தீட்டு என்பது காலண்டரைவிட என் மாமியார் சுந்தரம்மாளுக்கு நன்றாகத் தெரியும். தெரு அம்மனுக்குப் பொங்கல் சாட்டித் திருவிழாவுக்கு நாள் குறித்ததும், என் ஓரகத்தி பானுப்பிரியாவின் கையில் ஒரு கருத்தடை மாத்திரை அட்டையைத் திணித்தார்.

"ஏட்டி, முளைப்பாரி நீதான் எடுக்கணும். இதப் போட்டு நாளத் தள்ளிவிடு."

டாக்டர் சீட்டாவது ஒன்றாவது! மெடிக்கலில் மிட்டாய் மாதிரி கொடுத்திருக்கிறான், பாவி.

பானு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ் ஏறி இராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறவள். பகலெல்லாம் நின்றே வேலை. வீட்டுக்கு வந்தால் அடுப்பு. வலிக்கிறது என்று வாய்திறந்து சொல்லமாட்டாள். அதற்காகவே எல்லாரும் அவளை நல்ல மருமகள் என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

முளைப்பாரி கரைத்த மறுநாள் அவளுடைய இடது கால் மட்டும் வீங்கிச் சிவந்தது. சுளுக்கு என்று மாமியாரே முடிவுகட்டி, எண்ணெய் ஊற்றி அழுத்தி உருவினார். இவளும் கம்பெனி பேண்டேஜை இறுக்கிச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனாள். சாயங்காலம் பஸ்ஸைவிட்டு இறங்கியவளுக்கு மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

"மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களாம்மா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"ஒண்ணும் கெடையாது. தலைவலிக்குக்கூடப் போடமாட்டா" என்று மாமியார் முந்திக்கொண்டார். பக்கத்தில் மாமனார் நின்றார். பானு தலையைக் குனிந்துகொண்டாள். உயிர் போகிற நேரத்தில் என்ன வெட்கம் வேண்டிக்கிடக்கிறது!

"பொய்யி டாக்டர்! தீட்டு தள்ளிப்போகணும்னு கருத்தடை மாத்திரை போட்டா. வீங்குன கால உருவி வேற விட்டாவ!" என்று கத்திவிட்டேன். வார்டே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும்.

டாக்டரம்மாவின் முகம் மாறியது. அந்த மாத்திரையைக் கொஞ்ச நாள் போட்டாலே சிலருக்குக் கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்துவிடுமாம். உருவியதில் அந்தக் கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போயிருக்கலாமாம். ஸ்கேனில் நுரையீரலிலும் அடைப்பு தெரிந்தது. ஊசி மருந்தில்தான் பிழைத்தாள்.

வீட்டுக்கு அனுப்புகிற அன்று மாமியார் டாக்டரம்மாவிடம் கேட்டார்: "அடுத்த வருசத்துக்கு வேற நல்ல மாத்திரையா எழுதித் தாரீகளா?"

எனக்கு ரத்தம் கொதித்தது. நான் வாயெடுப்பதற்குள் கட்டிலிலிருந்து பானுவின் குரல் கேட்டது.

"தீட்டு வந்தா நான் வீட்டுல கெடக்கேன் அத்த. முளைப்பாரிய நீங்க தூக்குங்க. இன்னொருக்கச் சாக என்னால ஏலாது."