திரும்பும் வழியில் டிரம்பெட்

பெரிய மாமாவின் உடல் தெருமுனையைத் தாண்டியதும் பெண்கள் வீட்டைக் கழுவத் தொடங்கினார்கள். எனக்கு அப்போது ஒன்பது வயது. சுடுகாட்டிலிருந்து திரும்பும் ஆண்கள் கால் கழுவ வாசலில் தண்ணீர் ஊற்றுவது என் வேலை. ஒரு பிளாஸ்டிக் டிரம், ஒரு சொம்பு. உட்கார முடியவில்லை. மூடியைத் திறந்தேன், மூடினேன், டிரம்மைச் சுற்றி வந்தேன். ஜூஜுவாடியில் எங்கள் தெருவுக்கும் சுடுகாட்டுக்கும் நடுவே நெடுஞ்சாலை. லாரிகள் இடைவெளி விட்டால்தான் யாரும் வரமுடியும்.

பெரிய மாமாவும் லாரிக்காரர்தான். முந்தின நாள் அத்திப்பள்ளி அருகே வண்டியை ஓரங்கட்டிவிட்டு, நெஞ்சைப் பிடித்தபடி ஸ்டியரிங்கில் சாய்ந்துவிட்டார். உள்ளே அத்தை, வருகிறவர்களிடமெல்லாம் ஒன்றையே கேட்டுக்கொண்டிருந்தாள்: "உங்ககிட்ட ஏதாச்சும் அபசகுனமா பேசுனாரா? சாவு கீவுன்னு வாயில வந்துச்சா?" சொன்னது பலித்துவிடும் என்று நம்புகிறவள் அவள். எல்லோரும் இல்லையென்று தலையாட்டினார்கள்.

சின்ன மாமாவுக்குக் கம்பெனியில் ஷிப்ட் வேலை. முகூர்த்த நாட்களில் பேண்டு செட்டில் டிரம்பெட். அதை வாங்கிக் கொடுத்தது பெரிய மாமா. ஒரு மாதம் முன்பு, நின்றிருந்த லாரியில் பெரிய மாமாவுக்கும் எனக்கும் சின்ன மாமா செல்போனில் ஒரு வீடியோ காட்டினார். அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் நகரத்துத் தெரு. கறுப்பின இசைக்காரர்கள் பிணத்தோடு போகும்போது மெல்ல வாசித்தார்கள். புதைத்துவிட்டுத் திரும்பும்போது தெருவே ஆடியது.

"அடிமையா இழுத்துட்டு வந்தவங்களோட வாரிசுங்கண்ணா இவங்க. பட்டாளத்துல ஊதிட்டு இருந்த டிரம்பெட்ட வாங்கி பேச வச்சிட்டாங்க. நோட்டுல இருக்கறத அப்படியே வாசிக்க மாட்டாங்க, நின்ன எடத்துலயே வளைப்பாங்க. இன்னிக்கு சினிமாப் பாட்டுன்னு நாங்க ஊதறோமே, பாதி இவங்க போட்ட ரோடு."

"போல்ட் முடுக்கறவன் வாயி என்னா பேச்சு பேசுது பாரு" என்று பெரிய மாமா சிரித்தார். பிறகு, "நான் செத்தா நீயும் இப்படி ஊதுடா. தப்பட்டையோட நிறுத்திடாத" என்றார். என் தலையில் தட்டி, "அத்தகிட்ட சொல்லிடாத பாப்பா, செருப்பு பறக்கும்" என்றார்.

கொள்ளி வைத்துவிட்டுத் திரும்புகிறவர்கள் எங்கள் பக்கத்தில் பேசுவதில்லை. பின்னால் திரும்பிப் பார்ப்பதில்லை. தப்பட்டையும் சுடுகாட்டோடு சரி. அன்று லாரி ஹாரன்களுக்கு நடுவே டிரம்பெட் கேட்டது. முதலில் ஒரே ஒரு நீண்ட சுரம். அது மெல்ல நெளிந்து, வேகம் பிடித்து, துள்ளத் தொடங்கியது. பெண்கள் விளக்குமாற்றோடு நிமிர்ந்தார்கள்.

"என்னடி இது, மாப்பிள்ள ஊர்வலமாட்டம்?" என்றாள் பக்கத்து வீட்டம்மா.

பாட்டு பாதியில் அறுந்தது.

முதலில் வந்தவர் அம்மாவின் சித்தப்பா. டிரம்பெட் அவர் கையில் இருந்தது. பின்னால் சின்ன மாமா, வெறுங்கையோடு.

"அண்ணன் அங்க வெந்துட்டு இருக்கான், இவனுக்கு ஆட்டம் கேக்குது! கருமாதிக்கு இவன் இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது."

அத்தை வாசலுக்கு வந்தாள். "ஏன் தம்பி ஊதுன? அவரு போனது சந்தோசமா உனக்கு?"

சின்ன மாமா குனிந்து வேட்டியைத் தூக்கிக் கட்டினார். எனக்குக் காரணம் தெரியும். எங்கள் இருவரைத் தவிர அங்கே வேறு யாருக்கும் தெரியாது.

"பெரிய மாமாதான் அன்னிக்கு லாரியில..." என்று ஆரம்பித்தேன்.

சின்ன மாமா காலை என் முன்னால் நீட்டினார். "பாப்பா, தண்ணி ஊத்து."

"இல்ல மாமா, அவருதான..."

"ஊத்துன்னு சொன்னேன்ல!"

அதுவரை அவர் என்னை அதட்டியதே இல்லை. ஊற்றினேன். ஏற்கெனவே கழுவிய காலையே மறுபடி மறுபடி நீட்டிக்கொண்டிருந்தார்.

"தப்புதான் அண்ணி. ஏதோ கிறுக்கு" என்றார், தரையைப் பார்த்து.

கருமாதிக்கு அவரை விடவில்லை. அத்தை அதற்குப் பிறகும் பல மாதங்கள் எல்லோரிடமும் அதே கேள்வியைக் கேட்டாள். ஆமாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. நானோ, சின்ன மாமாவைப் போல ஒரு கோழை கிடையாது என்று முடிவு கட்டி, அவரோடு பேசுவதை நிறுத்தியிருந்தேன்.