இஸ்திரியக்காவின் மூக்கு

முதலில் காலர். பிறகு தோள்பட்டை, கை, கடைசியில் முன்பக்கமும் முதுகும். இதற்கு நடுவில் எங்காவது ஓரிடத்தில் இஸ்திரியக்கா பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, மூக்கைச் சற்றே தூக்கிக் காற்றை மோந்து பார்ப்பாள். ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் ஒரு பெருமூச்சு. மறுபடி பெட்டி நகரும். ஒரு நாளைக்கு நாற்பது சட்டை என்றால் நாற்பது மோப்பம், நாற்பது பெருமூச்சு.

அடுக்குமாடிக் குடியிருப்பின் மாடிப்படிக்குக் கீழே, ஒரு மேசையும் ஒரு பல்பும் கொள்ளும் இடம்தான் அவளுடைய கடை. இருபத்தாறு வருடம் நின்றே சம்பாதித்த கால்களில் நரம்பு முடிச்சு முடிச்சாகப் புடைத்திருக்கிறது. யார் முன்னாலும் கைகட்டி நிற்காமல் பிழைத்து மேலே வந்தவர்களுக்குத்தான் அந்தக் கால்களின் மதிப்பு தெரியும். படித்தவர்கள் கண்ணுக்கு அது வெறும் நரம்பு. “இத்தனை வருஷத்துல ஒரு துணி, ஒரே ஒரு துணி என் கையால கருகினதுன்னு யாராவது சொல்லட்டும். இந்தப் பெட்டியை அப்பவே தூக்கிப் போட்டுட்டுப் போயிடுறேன்” என்பாள். யாரும் சொன்னதில்லை.

சொன்னவர் அவள் கணவர் மட்டும்தான்.

அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். சாதுவான மனிதர். லிஃப்ட் நடுவழியில் நின்று மாட்டிக்கொண்டவர்களை வெளியே நின்று பேசிப் பேசியே அழாமல் பார்த்துக்கொள்ளும் அளவுக்கு நிதானம். அப்படிப்பட்டவருக்கு நாலு வருடத்துக்கு முன்னால் குணம் மாறியது. வேலை முடிந்து கடைக்கு வந்து ஸ்டூலில் உட்காருவார். திடீரென்று முகத்தைச் சுளிப்பார். “ஏதோ கருகுது பாரு.” அவள் பதறிப்போய்ப் பெட்டியைத் தூக்குவாள். துணி வெள்ளைவெளேரென்று கிடக்கும்.

“என் வேலையில குத்தம் சொல்றதுக்குன்னே வந்து உக்காருறீங்களா?”

அவர் அரை நிமிடம் சுவரையே வெறித்தபடி எதையோ மெல்லுவதுபோல வாயை அசைப்பார். ஊமைக்குசும்பு என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். இஸ்திரிக் கடையில் உட்கார்ந்துகொண்டு கருகுது என்றால் வேறு என்னதான் நினைப்பது?

பிறகு அவருக்கு எல்லார் மேலும் சந்தேகம் வந்தது. பக்கத்து வீட்டார் சுவரில் ஓட்டை போட்டு ஒட்டுக் கேட்கிறார்கள் என்றார். தன் கூடப்பிறந்த அண்ணனே தண்ணீரில் மருந்து கலக்கிறார் என்று சொல்லி, அண்ணன் நீட்டிய டம்ளரை அவர் முகத்திலேயே விட்டெறிந்தார். நெற்றியில் நாலு தையல். அன்றோடு அண்ணன் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. மனநல மருத்துவர் ஒருவர் மாத்திரை எழுதினார். தூக்கம் வந்ததே தவிர சந்தேகம் போகவில்லை.

இரண்டாவதாகப் பார்த்த டாக்டர்தான் அவளிடம் ஒரு கேள்வி கேட்டார். “கருகல் வாசனை வருதுன்னு உங்க கடையில மட்டும்தான் சொல்றாராம்மா?”

“ஆமா டாக்டர். என்னை வம்புக்கு இழுக்கத்தான்...” என்று ஆரம்பித்தவள் யோசித்தாள். “கொட்டுற மழையில பஸ் ஸ்டாப்புல நின்னப்பவும் சொன்னாரு. ஒரு தடவை குளிச்சுக்கிட்டிருக்கும்போது...” 

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். “தலையைப் படம் எடுத்துப் பாத்துடலாம்.”

படத்தில் மூளைக்குள் ஒரு கட்டி தெரிந்தது. அதை எடுத்த அறுவை சிகிச்சை முடிந்து ஒன்றரை வருடம் ஆகிறது. வாசனையும் போனது, சந்தேகமும் மெல்ல மெல்ல விட்டது. ஆனால் அனுப்பும்போது டாக்டர் சொன்ன ஒரு வார்த்தை அவள் காதிலேயே தங்கிவிட்டது: மறுபடி கருகல் வாசனை என்று சொன்னால் அன்றைக்கே கூட்டிக்கொண்டு வர வேண்டும். அதற்காகத்தான் இந்த மோப்பம். அவர் என்றாவது வாயைத் திறந்தால், கருகுவது துணியா தலையா என்று அந்த நொடியே அவளுக்குத் தெரிய வேண்டும்.

அந்த ஸ்கேன் படத்தை மடித்த சட்டைகளுக்கு நடுவே சுருக்கம் விழாமல் வைத்திருக்கிறாள். கணவர் யார் யாரைத் திட்டினாரோ அவர்கள் வீட்டு வாசலிலெல்லாம் அதை விரித்துக் காட்டியாயிற்று. “இந்தா, காதுக்கு உள்பக்கமா வெள்ளையா தெரியுது பாருங்க. கோட்டுப் பொத்தான் அளவு. இதுதான் உங்களைத் திட்டினது.” சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்துவிட்டது.

“அப்ப அவர் பேசினதெல்லாம் கட்டி பேசினதுதானா?” என்று முதல் மாடி அம்மாள் ஒருநாள் சீண்டினாள்.

“எனக்குப் பாட வராதுன்னு கல்யாணமான புதுசுலயே சொன்னாரு. அது மட்டும் அவரு பேசினது.”

துணி வாங்க வந்தவர்கள் சிரித்தார்கள். ஒருத்தி மட்டும் சிரிக்காமல் நின்றாள். “என் பையனும் இப்படித்தான் எல்லாரையும் சந்தேகப்படுறான். அவனுக்கும் படம் எடுத்தாச்சுக்கா. சுத்தமா இருக்குன்னுட்டாங்க. அப்ப அவன் வேணும்னுதான் பண்றானா?”

இஸ்திரியக்கா பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். “பைத்தியக்காரி மாதிரி பேசாதே. முக்கால்வாசிப் பேருக்குப் படத்துல ஒண்ணும் தெரியாதாம், டாக்டரே சொன்னாரு. படத்துல தெரியலைன்னா நோய் இல்லைன்னு ஆயிடுமா? மாத்திரையை விடாம குடு.” அன்று மோந்து பார்க்கக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

போன வாரம் ஒருநாள் சாயங்காலம் கணவரின் அண்ணன் வந்தார். அவரை வரச் சொல்லி அவள் ஏழு முறை ஆள் அனுப்பியிருந்தாள். தம்பி ஸ்டூலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தார், தலை நிமிரவில்லை. அண்ணனும் உட்காரவில்லை. அவள் அவசரமாகப் படத்தை உருவி, இரண்டு கையாலும் பல்புக்கு நேராகப் பிடித்தாள்.

“இங்க பாருங்க மாமா.”

அண்ணன் நெற்றித் தழும்பைத் தடவிக்கொண்டார். “அப்ப என்னை அடிச்சது இவன் இல்லைங்கறே.”

“அடிச்சது அவரு கைதான் மாமா. இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா அந்தக் கையை...”

“ஏதோ கருகுது” என்றார் கணவர்.

 அவள் கணவரின் முகத்தைப் பார்த்தாள். கண் சுவரை வெறிக்கிறதா? வாய் மெல்லுகிறதா? நாளுக்கு நாற்பது முறை பழகிய மூக்கு அந்த நேரம் அடைத்துக்கொண்டது. ஒரு வாசனையும் வரவில்லை. இனி மறுபடி அந்த ஆஸ்பத்திரி வராந்தா, அந்த மொட்டைத் தலை, அந்தப் படம்.

“என் மூஞ்சியில என்ன இருக்கு? பெட்டியைப் பாரு புள்ள!”

மேசையிலிருந்து புகை எழுந்துகொண்டிருந்தது. படத்தை எடுத்த அவசரத்தில் பெட்டியை நிமிர்த்தி வைக்க மறந்திருந்தாள். பெட்டியை எட்டிப் பறித்தாள். மூன்றாவது மாடிக்காரரின் நீலச் சட்டை முதுகில், பெட்டி வடிவத்திலேயே பழுப்பாக ஒரு தடம்.

அவள் அந்தச் சட்டையை அண்ணனிடம் நீட்டினாள். “மோந்து பாருங்க மாமா. உங்களுக்கும் வாசனை வருதா?”

அண்ணன் குனிந்து மோந்தார். தம்பியை ஒருமுறை பார்த்தார். “நல்லாவே கருகியிருக்கும்மா” என்றவர், மடித்த துணிகளைத் தள்ளி வைத்துவிட்டுத் தம்பிக்குப் பக்கத்தில் மேசை விளிம்பில் உட்கார்ந்தார்.

இஸ்திரியக்கா சட்டையைத் திரும்ப வாங்கி, கருகிய இடத்தைக் கண்களில் ஒற்றிக்கொண்டாள்.