அப்பா மொழிபெயர்க்காத பெயர்

எனக்குச் சின்ன வயதிலேயே வாய் நீளம். அதை நினைத்து வீட்டில் யாரும் பெருமைப்பட்டதில்லை, என்னைத் தவிர.

அப்பா நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவர். சாட்சி தமிழில் சொன்னதை நீதிபதிக்கு இங்கிலீசில் சொல்வது வேலை. சாட்சி "நான்" என்றால் அவரும் "நான்" என்றே சொல்வாராம். ஒரு சொல்லைக் கூட்டவும் கூடாது, விழுத்தவும் கூடாது. வீட்டிலும் அதே கண்டிப்புத்தான்.

எண்பத்து நாலில் யாழ்ப்பாணத்து அரியாலையில் எங்கள் ஒழுங்கை வீடுகள் எல்லாவற்றுக்கும் ஒரு ரீவிதான், அதுவும் எங்கள் வீட்டில். ஞாயிறு பின்னேரங்களில் ஓர் இங்கிலீசு நாடகம் போகும். ஒரு சர்வாதிகாரியின் நாட்டுக்குச் செய்தி எழுதப் போன வெளிநாட்டு நிருபனின் கதை. அயலட்டைச் சனம் பாயில் இருக்க, அப்பா கதிரையில் இருந்து மொழிபெயர்ப்பார். சர்வாதிகாரி மேசையில் குத்தி உறுமினால், அப்பா கண்ணாடியைத் துடைத்தபடி, "நான் உன்னைச் சுட்டுப்போடுவன்" என்பார். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம்.

அந்த மாரியில் ஆமிக்காரர் என் அண்ணையைப் பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோனார்கள். எந்த முகாமில் கேட்டாலும் அப்படி ஒருவர் இல்லை என்றார்கள். அம்மா சாப்பாட்டை விட்டாள். ஆனால் நாடகத்தை விடவில்லை. அந்த நிருபன் எங்கள் ஒழுங்கைக்கும் வருவான் என்று நம்பினாளோ என்னவோ.

ஒரு ஞாயிறு, நாடகத்தில் ஒரு தாய் பிடிபட்ட தன் மகனின் பெயரை நிருபனிடம் சொன்னாள். பெயர் பத்திரிகையில் வந்தது. அடுத்த காட்சியில் சிறை அதிகாரி அந்தப் பெயரைச் சுற்றி வட்டம் போட்டு, காவலாளியைக் கூப்பிட்டு மெதுவாக ஏதோ சொன்னான். அப்பா அதை மொழிபெயர்க்கவில்லை.

"என்னவாம்?" என்று அம்மா கேட்டாள்.

"ஒண்டுமில்லை. பேப்பர் வாசிக்கிறான்" என்ற அப்பா, எழுந்துபோய் ரீவியை நிற்பாட்டினார்.

பத்து நாள் கழித்து உண்மையாகவே ஒரு வெள்ளைக்காரப் பத்திரிகைக்காரன் வந்தான், பிள்ளைகளைப் பறிகொடுத்த வீடுகளைத் தேடி. அம்மா அவன் முன்னால் நிலத்தில் இருந்து எல்லாவற்றையும் சொன்னாள். அப்பா வரிக்கு வரி மொழிபெயர்த்தார். இறக்கிய சந்தி, பஸ் வந்த நேரம், அண்ணை போட்டிருந்த நீலச் சேட்டு, ஒன்றும் தப்பவில்லை. அண்ணையின் பெயரைத் தவிர. அம்மா அதை நாலைந்து தரம் சொல்லியிருப்பாள். எனக்குப் பள்ளிக்கூடத்து அரைகுறை இங்கிலீசுதான். ஆனால் பெயருக்கு இங்கிலீசு ஏது? காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன், வரவேயில்லை.

அம்மாவுக்கும் ஏதோ பட்டிருக்கவேண்டும். "இஞ்சருங்கோ, பிள்ளையின்ரை பேரைச் சொல்லிப்போட்டியளே?" என்றாள்.

"ஓம், சொல்லிப்போட்டன்."

அப்பாவின் வாயிலிருந்து பொய் வந்து நான் கேட்டதேயில்லை.

"இல்லையம்மா, அப்பா சொல்லேல்லை!"

"பிள்ளை, உள்ளை போ." அப்பா என் பக்கம் திரும்பிக் கெஞ்சினார். "சொன்னாக் கேள், பிள்ளை. உள்ளை போ."

நான் போவேனா? "மை பிரதர்ஸ் நேம் இஸ்" என்று பள்ளிக்கூடத்தில் படித்த மாதிரியே தொடங்கி, அண்ணையின் முழுப்பெயரையும் சொன்னேன். போதாதென்று எழுத்தெழுத்தாகவும் சொல்லிக் கொடுத்தேன். வெள்ளைக்காரன் எழுதினான். அம்மா என்னை இழுத்துக் கட்டிப்பிடித்துக் கொஞ்சினாள். அப்பா அந்தப் பேனையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பெயர் வந்த பத்திரிகைத் துண்டு தபாலில் வந்தது. அம்மா அதைச் சாமிப்படத்துக்கு முன்னால் வைத்தாள். அண்ணை வரவில்லை. பெயர் வந்ததால்தான் வரவில்லையா, பெயர் வராதிருந்தாலும் அப்படித்தானா, இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. பெயர் வெளியே போனால் முகாமில் உயிரோடு இருக்கிற பிள்ளையையும் இல்லாமல் பண்ணிவிடுவார்கள் என்று அப்பா பயந்ததும் எனக்கு வெகு காலம் கழித்துத்தான் விளங்கியது.

அன்றைக்கு எனக்கு இருந்த பயமெல்லாம் அடி விழும் என்பதுதான். அப்பா அடிக்கவில்லை. ஏசவும் இல்லை. பத்திரிகைக்காரன் போனபிறகு என் தலையைத் தடவி, "நீ சின்னப்பிள்ளை. உன்னிலை ஒரு பிழையுமில்லை" என்றார். நான் கேட்காமலே ஏன் அதைச் சொன்னார் என்று ஒரு கணமும் யோசிக்காமல், அடி தப்பிய சந்தோசத்தில் விளையாட ஓடினேன்.