இரண்டு பக்கமும் நல்ல பக்கம்

கம்பளம் நெய்கிற தொழிலில் கர்வம் வர வழியே இல்லை. ஒரு மாதம் குனிந்து நெய்ததை வாங்குகிறவர் முதல் வேலையாக மிதித்துத்தான் பார்ப்பார். கையால் ஒரு பொருளைச் செய்து, அதை நாமே வாடிக்கையாளர் முன்னால் நின்று விற்கவும் வேண்டிவந்த புண்ணியவான்கள் யாராவது இதைப் படித்தால், நான் சொல்லப் போவது அவர்களுக்குப் புதிதாக இருக்காது.

நான் இலங்கையில், கண்டி மலைநாட்டில், பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். பெயர் புஷ்பம். கொழுந்துக் கூடைக்குத் தப்பித்து, திகனயில் ஒரு ஹாஜியாரின் நெசவுச் சாலையில் சேர்ந்தேன். அங்கே ஆறு தறிகள். எல்லாம் மேலே நூல் முடி நிற்காத தட்டைக் கம்பளம். நீளவாக்கில் கட்டிய பாவு நூல் வெளியே தெரியாதபடி, குறுக்கே ஓடும் ஊடை நூலை இரும்புச் சீப்பால் அடித்து அடித்து இறுக்க வேண்டும். சிங்களமும் கொஞ்சம் இங்கிலீசும் தெரியும் என்பதால், வாசலில் ஆள் நின்றால் ஹாஜியார் என்னைத்தான் தறியிலிருந்து எழுப்புவார்.

எது மேல்பக்கம்?

கண்டியில் படிப்பிக்கிற யாழ்ப்பாணத்து வாத்தியார் ஒருவர் மனைவியோடு வந்தார். மனைவி ஒரு கம்பளத்தைப் புரட்டினார். மறுபடியும் புரட்டினார். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் மூன்றாம் தரமும் புரட்டினார். "தங்கச்சி, இதில எது மேல்பக்கம்?" என்று கேட்டார். "ரெண்டும் மேல்பக்கந்தாங்க, எப்படி வேணும்னாலும் விரிக்கலாம்" என்றேன்.

வாத்தியாருக்கு நம்பிக்கை வரவில்லை. ஒரு பொருளென்றால் முன், பின் இருக்கத்தானே வேணும் என்று எனக்குப் பாடம் எடுக்கத் தொடங்கினார். மனைவி அவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கம்பளத்தைச் சுருட்டி என் கையில் தந்தார். "இதையே கட்டுங்கோ பிள்ளை. வெளியில ஒரு முகம், வீட்டில ஒரு முகம் எண்டு எங்களிட்ட ஏற்கெனவே ஒண்டு இருக்கு."

கிழிசல்

இரண்டு நிறங்கள் நேர்கோட்டில் சந்திக்கிற இடத்தில், சிவப்பு நூல் சிவப்புப் பக்கமே திரும்பிவிடும். கறுப்பு கறுப்புப் பக்கம் திரும்பும். நடுவில் விரல்நுனி நுழைகிற அளவுக்குப் பிளவு விழும். அந்த வேலையின் இலட்சணமே அதுதான். விற்கும்போது இதை எல்லோருக்கும் சொல்லிவிடுவேன். கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், வேலை பார்த்த ஒரு ஐயாவுக்கு மட்டும் அன்றைக்குச் சொல்ல மறந்துபோனேன்.

ஒரு கிழமை கழித்து அவர் ஆட்டோவில் வந்து இறங்கினார். கம்பளத்தை விரித்தேன். விரியவில்லை, நடு மட்டும் அப்பம் போல உப்பி நின்றது. பிளவு ஒன்று விடாமல், கால்சட்டைக்குப் போடுகிற தடித்த நூலால் இழுத்துத் தைத்திருந்தது. "கிழிஞ்ச சாமானைக் குடுத்திட்டீங்க. தைச்சா சுருங்குது" என்று ஐயா கத்தினார். ஹாஜியார் என்னைப் பார்த்தார். தவறு என்னுடையது. உட்கார்ந்து தையலைப் பிரிக்கத் தொடங்கினேன். பாவு நூலோடு சேர்த்துத் தைத்திருந்ததால் இரண்டு நாள் பிடித்தது.

சாட்சிக்கென்று ஐயா தன் தையல்காரரையும் கூட்டி வந்திருந்தார். அந்த மனிதர் ஒரு மூலையில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் தாங்க முடியாமல் என்னிடம் வந்தார். "காபட்டுல ஓட்டைன்னாரு, அடைச்சேன். ஓட்டைதான் டிசைனுன்னா அதை ஒரு துண்டுல எழுதி ஒட்டியிருக்கலாமேம்மா!"

கம்பளைக்குப் போன நூல்

எங்கள் கோவில் திருநாளுக்குப் பீடத்துப் படிகளில் விரிக்க ஒரு நீளக் கம்பளம் வேண்டும் என்று ஃபாதர் கேட்டார். என் சொந்தக் கோவில். நானே நெய்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். சிவப்பு நூல் கொழும்பிலிருந்து ரயிலில் வர வேண்டும். பாவு கட்டிக் காத்திருந்தேன். ஐந்து நாள் கண்டி ஸ்டேஷனுக்குப் போய் வந்தேன். நூல் வரவில்லை. அம்மா வேறு, நான் நெய்யப் போவதை எங்கள் லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

ஆறாம் நாள் கம்பளை ஸ்டேஷனில் ஒரு மூட்டை அநாதையாகக் கிடப்பதாகச் செய்தி வந்தது. பஸ் பிடித்து ஓடினேன். எங்கள் நூல்தான். கொழும்பு நூல்கடைக்காரர் மூட்டையில் 'கம்பளம் நூல்' என்று கொட்டை எழுத்தில் எழுதி, 'கண்டி' என்பதை மூலையில் எறும்பு போல எழுதியிருந்தார். ஏற்றினவர் முதல் மூன்றெழுத்தைப் படித்ததோடு திருப்திப்பட்டுவிட்டார்.

மீதியிருந்த ஒன்பது நாளில், சோற்றுக்கு எழுந்த நேரம் போக மற்ற நேரமெல்லாம் தறியில் இருந்தேன். திருநாள் காலையில் படியில் விரித்தோம்; ஒரு சாண் குறைந்தது, அதைப் பூச்சாடி வைத்து மறைத்தார்கள். ஃபாதர் பாராட்டியது எதுவும் எனக்கு நினைவில் இல்லை. கம்பளை ஸ்டேஷன் கிளார்க் மூட்டையைத் தள்ளிவிட்டுச் சொன்னதுதான் நினைவிருக்கிறது. "அடுத்த தடவை பாய்னு எழுதச் சொல்லுங்க தங்கச்சி, அந்தப் பேர்ல எங்களுக்கு ஸ்டேஷன் இல்ல."

கை மாறின இடம்

பக்கத்துத் தறியில் குசுமா என்ற சிங்களப் பெண் இருந்தாள். என்னைவிட நாலு வயது மூத்தவள். நான் 'குசுமா அக்கே' என்பேன், அவள் 'நங்கி', தங்கச்சி, என்பாள். எண்பத்து மூன்றாம் ஆண்டு தமிழருக்கு எதிரான கலவரம் எங்கள் பக்கம் வந்த அன்று, பேராதனையில் இருந்த ஒரு டாக்டர் அம்மாவுக்காக நீலக் கம்பளம் ஒன்றைப் பாதி நெய்திருந்தேன். தோட்டத்துக்குப் பஸ் இல்லை. குசுமா தன் கைக்குட்டையால் என் பொட்டைத் துடைத்தாள். பின்பக்கத்து வயல் வரம்பு வழியாகத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போனாள்.

பன்னிரண்டு நாள் அங்கே இருந்தேன். ஒரு நாள் நாலைந்து பேர் வாசலுக்கு வந்து, உள்ளே யார் என்று கேட்டார்கள். மாத்தளையிலிருந்து வந்த அக்கா மகள், காய்ச்சலில் படுத்திருக்கிறாள் என்றாள் குசுமாவின் அம்மா. என் சிங்களத்தில் தோட்டத்து வாடை அடிக்கும். போர்வையை வாய்க்குள் திணித்துக்கொண்டு படுத்திருந்தேன். அவர்கள் போய்விட்டார்கள். குசுமாவின் தம்பிதான் தோட்டத்துக்குப் போய், நான் உயிரோடிருப்பதை என் அம்மாவுக்குச் சொல்லிவிட்டு வந்தான்.

நான் திரும்பிப் போனபோது நீலக் கம்பளம் ஒரு முழம் வளர்ந்திருந்தது. நெசவுச் சாலை திறந்ததும் குசுமா தன் தறியை விட்டுவிட்டு என் தறியில் உட்கார்ந்திருக்கிறாள். தறி சும்மா கிடந்தால் அந்த இடத்துக்கு வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள் என்று பயந்தாளாம். அவளுக்குக் கனத்த கை. அந்த ஒரு முழம் மட்டும் கெட்டியாகவும், நிறம் கொஞ்சம் அடர்த்தியாகவும் தெரிந்தது.

டாக்டர் அம்மா வந்து கம்பளத்தின் மேல் உள்ளங்கையை ஓட்டினார். அந்த இடத்தில் கை நின்றது. "இங்கே வேறு யாரோ நெய்திருக்கிறார்கள், இல்லையா?" என்று சிங்களத்தில் கேட்டார். "ஆமாம். நான் பன்னிரண்டு நாள் வரவில்லை" என்றேன். எந்தப் பன்னிரண்டு நாள் என்று அவர் கேட்கவில்லை. ஹாஜியார் முந்திக்கொண்டு, "அதப் பிரிச்சு இந்தப் புள்ளயவே நெய்யச் சொல்றேன் நோனா" என்றார். டாக்டர் அம்மா கம்பளத்தைத் தானே சுருட்டினார். "வேண்டாம். இருக்கிறதிலேயே அந்த இடம்தான் இறுக்கமாக இருக்கிறது."

தறியில் கழித்த இருபத்தாறு வருஷத்தில் ஒரு குறையும் இல்லாமல் நெய்தேன் என்று பெருமையடித்துக்கொள்ள ஆசைதான், ஆனால் என்னிடம் வாங்கியவர்களில் பாதிப் பேர் இன்னும் நல்ல கண்பார்வையோடு இருக்கிறார்கள்.