லாபம், ரெண்டு, மூணு

துரைராசு செத்துப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு, ஊரே கூடிக் கடைமடைக்கும் காரியம் பண்ணிவிட்டது. கடைமடை என்றால் இங்கே வாய்க்காலின் கடைசி வயல் இல்லை. திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே நாலு பேர் சேர்ந்து முப்பத்தேழு வருஷமாக நடத்திவரும் ராக் பேண்டின் பெயர் அது. தண்ணீர் எல்லாருக்கும் கடைசியாக வந்து சேரும் ஊர்க்காரர்கள் வேறென்ன பெயர் வைப்பார்கள்? பாட்டுக் கட்டியதும் பாடியதும் கிட்டார் வாசித்ததும் துரைராசுதான். அந்த மனுஷன் மாசி மாதத்து வெயிலில் உளுந்து வயலில் நின்றவாக்கில் சரிந்து விழுந்துவிட்டார். இனி என்ன பேண்டு, என்ன கச்சேரி என்று டீக்கடையில் ஆளாளுக்குத் தீர்ப்பு எழுதினார்கள்.

எழுதட்டும். மலர்க்கொடி வீட்டில் நோட்டீஸ் கட்டு அப்படியே இருந்தது. வைகாசியில் நாலு ஊர்: திருத்துறைப்பூண்டி, மன்னார்குடி, பாபநாசம், திருவையாறு. காவிரித் தண்ணி மேலேயிருந்து கீழே வரும், நாம கீழேயிருந்து மேலே போவோம் என்று துரைராசு போட்டுவைத்த திட்டம் அது. பதினேழாம் நாள் காலையில் மலர்க்கொடி மைதா பசை காய்ச்சி, தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு போய், பஸ் ஸ்டாண்ட் சுவரில் தானே ஒட்டினாள்.

"ஆளே போய்ச் சேந்துட்டாரு, யாருக்கா வாசிக்கப்போறது?" என்று ஒருவன் கேட்டான்.

"நா... நா... நாங்கதான். ஏன், க... கண்ணு தெரியலியா?" என்றாள் மலர்க்கொடி. பசைக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அடுத்த சுவருக்குப் போனாள்.

மலர்க்கொடிக்கு ஐம்பத்தெட்டு வயது. பள்ளிக்கூடச் சத்துணவுக் கூடத்தில் சமையல்காரி. பள்ளிக்கூடம் லீவு விட்டால் கடைமடையின் டிரம்மர். பிறந்ததிலிருந்து திக்குவாய். எல்லா எழுத்தும் திக்காது. அதற்கென்று சில எழுத்துகள் உண்டு. அதிலும் 'ல' வந்தால் தொலைந்தது. நாக்கு மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொள்ளும், இறங்கவே இறங்காது. வார்த்தையை வெளியே தள்ளுவதற்குக் காலால் தரையைத் தட்டுவாள். சின்ன வயசுப் பழக்கம். தெருப் பிள்ளைகள் அவள் பேசுவது மாதிரியே திக்கிக் காட்டி, காலையும் தட்டிக் காட்டுவார்கள். அந்தப் பிள்ளைகள் இன்றைக்குப் பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள். அவர்கள் முகத்தை இவள் இன்னும் மறக்கவில்லை.

எண்பத்தெட்டாம் வருஷம் அவளுக்கு இருபத்தொரு வயது. துரைராசு அவளைவிட நாலைந்து வயது பெரியவர், அதே தெருக்காரர். அவர் அப்பா களத்தில் நெல் அளக்கிறவர். துரைராசு வேளாங்கண்ணியில் கோயில் பாட்டுக்காரர் ஒருவரிடம் பழைய கிட்டார் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து, ராப்பகலாகத் தெருவைப் படுத்தி எடுத்துக்கொண்டிருந்த காலம் அது. ஒருநாள் களத்தில் கூலிநெல் வாங்க வந்த மலர்க்கொடி, அளவு குறைகிறது என்று சண்டை பிடித்தாள். சண்டையிலும் திக்கியது. குதிகால் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தது. எல்லாரும் சிரித்தார்கள். துரைராசு சிரிக்கவில்லை.

"ஏ கொடி, அத்தன கோவத்துலயும் ஒன் காலு ஒரே சீராத்தான் தட்டுது. வா, வந்து அந்தத் தகர டின்ன அடி" என்றார்.

அடித்தாள். அன்றைக்குப் பிடித்தது. பொம்பளைப் பிள்ளை காலை அகட்டி உட்கார்ந்து அடிப்பதாவது என்று அவள் அப்பன் குதித்தார். கல்யாணமானதும் புருஷன் குதித்தான். இரண்டு பேரும் குதித்துக் களைத்தார்கள். பிற்பாடு அதே புருஷன்தான் குட்டியானை வண்டியில் டிரம் பெட்டிகளை ஏற்றி இறக்குகிறவன் ஆனான். பேஸ் கிட்டாருக்கு ரெத்தினம் வந்தார், கீபோர்டுக்குத் திருவையாற்றிலிருந்து வெங்கட்ராகவன் வந்தார். அவர் பேங்க்கில் வேலை பார்த்தவர். சாஸ்திரிய சங்கீதம் ஊறிய வீட்டில் பிறந்து இந்தக் கூட்டத்தோடு சேர்ந்ததற்காக, அவர் தகப்பனார் கடைசிவரை முகம் கொடுத்துப் பேசவில்லை.

எந்த பேண்டிலும் பாட்டு தொடங்குமுன் டிரம்மர்தான் நாலு எண்ணிக்கொடுக்க வேண்டும். மலர்க்கொடியால் எப்படி முடியும்? அதனால் துரைராசு எண்ணினார். அதுவும் எப்படி எண்ணினார்? எங்கள் பக்கத்துக் களத்தில் நெல் அளக்கிறவர்கள் முதல் மரக்காலை 'ஒண்ணு' என்று சொல்லமாட்டார்கள். 'லாபம்' என்பார்கள். அப்புறம்தான் ரெண்டு, மூணு. அப்பாவுக்குக் கூடமாட அளந்து பழகிய வாய் அல்லவா, முதல் ஒத்திகையிலேயே துரைராசுக்கு அப்படித்தான் வந்தது: "லாபம், ரெண்டு, மூணு, நாலு!" ராகவன் சிரித்துச் சிரித்துக் கீபோர்டிலேயே சாய்ந்துவிட்டார். ஆனால் அந்த எண்ணிக்கைதான் நின்றது. கொஞ்ச வருஷத்தில் சனமும் சேர்ந்துகொண்டது. துரைராசு மைக்கைப் பிடித்து 'லா' என்று இழுப்பார். கூட்டம் மொத்தமும் 'பம்' என்று கத்தும். அதற்காகவே வந்தவர்கள் உண்டு.

இன்னொன்று, சனத்துக்குத் தெரியாது. மூணு சொன்ன பிறகு துரைராசு மலர்க்கொடியைத் திரும்பிப் பார்ப்பார். அவள் வலது தோள் ஒரு துளி மேலே ஏறினால்தான் 'நாலு' சொல்வார். முப்பத்தேழு வருஷத்தில் ஒருநாள்கூடப் பார்க்காமல் சொன்னதில்லை.

இப்போது அவர் இடத்தில் அவர் மகள் தமிழ்நிலா நின்றாள். சென்னையில் வேலை, லீவு போட்டுவிட்டு அப்பா கிட்டாரோடு வந்திருந்தாள். நன்றாகவே வாசித்தாள், பாடினாள். திருத்துறைப்பூண்டியில் முதல் கச்சேரி. மலர்க்கொடி குச்சியோடு குச்சியை நாலு தட்டு தட்ட, பாட்டு தொடங்கியது. நல்ல தொடக்கம்தான். ஆனால் முதல் பாட்டு முடிந்ததும் கூட்டம் கத்த ஆரம்பித்தது. "லாபம் எங்க? லாபம் சொல்லு!" ரெத்தினம் சொல்லிப் பார்த்தார். அவர் பேச்சில் சவசவ என்று வந்து விழுந்தது. சனம் "ஊஊ" என்றது.

மேடை, மைக், லைட் எல்லாம் போட்டுக் கச்சேரி பிடித்துத் தருகிற நெடுமாறன் தலையைச் சொறிந்துகொண்டு வந்தான். தமிழ்நிலா தயங்கித் தயங்கித் தன் ஃபோனை நீட்டினாள். போன வருஷ ஒத்திகையில் அவள் பிடித்து வைத்தது. துரைராசு குரல், பக்கத்தில் நிற்கிற மாதிரி: லாபம், ரெண்டு, மூணு, நாலு.

"ஆகா, இது போதுமே! இத ஸ்பீக்கர்ல வுடுவோம்" என்றான் நெடுமாறன்.

மன்னார்குடியில் ஃபோனை ஒயரால் சவுண்டு பலகையோடு மாட்டி விட்டார்கள். 'லா' வந்ததும் கூட்டம் ஒரு கணம் அடங்கி, பிறகு வெடித்தது. சிலர் அழுதார்கள், சிலர் விசிலடித்தார்கள். மலர்க்கொடி அப்போதுதான் பெடலைச் சரிசெய்துகொண்டிருந்தாள். ஃபோன் அவளுக்காகக் காத்திருக்குமா? நாலு சொல்லிவிட்டது. மற்ற மூவரும் புகுந்துவிட, அவள் தட்டுத்தடுமாறி ஓடிப்போய்ப் பிடித்தாள். அண்ணன் குரல் கேட்கிறது, அண்ணன் திரும்பிப் பார்க்கவில்லை. இதைவிடக் கொடுமை என்ன இருக்கிறது?

பாபநாசம் போகிற வழியில், வண்டியை நிறுத்தி டீ குடிக்கும்போது போட்டு உடைத்தாள். "இனிமே ஃ... ஃபோனு வேணாம். நான் சொல்றேன்."

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. நீங்க லாபம் சொல்லி முடிக்கிறதுக்குள்ள சனம் வீட்டுக்குப் போயிரும்" என்றான் நெடுமாறன்.

"குச்சியைத் தட்டிட்டுப் போயிடலாமே மலர்க்கொடி. உலகம் பூரா அப்படித்தானே பண்றா?" என்றார் ராகவன்.

"உலகம் பூரா ஒ... ஒண்ணுன்னு எண்ணும் சார். நம்ம அ... அப்படியா எண்ணுனோம்?"

தமிழ்நிலாவுக்குத்தான் தாங்கவில்லை. "அத்தை, அப்பா குரல் கேட்டா உங்களுக்கு என்ன கஷ்டம்? எனக்கு மிச்சம் இருக்கிறது அது ஒண்ணுதான்" என்று கேட்டாள்.

மலர்க்கொடி அவள் கன்னத்தைத் தொட்டாள். "ஒனக்கு அ... அப்பா. வச்சிக்க, தெனம் கேளு, யாரு வேணாங்கிறா? மேடைல நாலு பேரு உ... உசுரோட நிக்கிறோம்டி. எண்ணுறது உசுரோட இருக்கிறவங்க வேல. அண்ணன் என்னப் பாக்காம நாலு சொன்னதே இல்ல. ஃபோனு என்னப் பா... பாக்குமா?"

மலர்க்கொடி சொன்னபடி பாபநாசத்தில் டிரம்முக்குப் பக்கத்தில் ஒரு மைக் வைத்தார்கள்.

பாபநாசத்தில் மானம் போயிற்று. அதை மறைப்பானேன்? திக்கக் கூடாது, திக்கவே கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு, காலைப் பெடலோடு சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டு மைக்கில் குனிந்தாள். நாக்கு ஒட்டிக்கொண்டது. "ல்..." மூச்சு மட்டும் வந்தது. முன்வரிசையில் ஒருவன் சிரித்தான். அவனைப் பார்த்து இன்னும் நாலு பேர். நெடுமாறன் சவுண்டு பலகையில் விரலை அமுக்க, துரைராசு ஸ்பீக்கரில் கணீரென்று எண்ணினார். கைதட்டல். மூன்று பேர் தொடங்கினார்கள். மலர்க்கொடி தொடவில்லை. முதல் நாலு வரி டிரம் இல்லாமலே போனது. பிறகு சேர்ந்துகொண்டாள், கண்ணீர் மூக்கு வழியாக இறங்கியது, துடைக்கக் கை சும்மா இல்லை.

திருவையாற்றில் பள்ளி மைதானத்தில் கடைசிக் கச்சேரி. முப்பத்தேழு வருஷத்தில் அந்த ஊர் அவர்களை ஒருமுறைகூட அழைத்ததில்லை. துரைராசு ஆசைப்பட்ட மேடை. சாயங்காலம் வெயில் தாழ, சனம் தரையில் வந்து உட்கார ஆரம்பித்தது. தவில் வித்துவான்களைக் கேட்டு வளர்ந்த காதுகள். ராகவன் வியர்த்துப்போய், "எங்க தெருக்காராளே வந்திருக்கா" என்றார்.

நெடுமாறன் மேடைக்குப் பின்னால் மலர்க்கொடியிடம் வந்தான். "அக்கா, கையெடுத்துக் கும்புடுறேன். முயற்சி பண்ணுங்க, வேணாங்கல. ஆனா நின்னுபோச்சுன்னா நான் பட்டன அமுக்கிருவேன்."

"அ... அமுக்கு" என்றாள் மலர்க்கொடி. "அமுக்குனா எந்திரிச்சிப் போயிருவேன். திரும்ப வ... வரமாட்டேன். அப்புறம் டிரம்மையும் ஃபோன்லயே போட்டுக்க, பேண்டயும் ஃபோன்லயே வச்சிக்க."

அவள் சொன்னால் செய்வாள். அது நாலு பேருக்கும் தெரியும்.

மேடை ஏறினார்கள். முதல் பாட்டு 'எங்க முறை'. முறைத்தண்ணீருக்காகக் காத்துக் கிடக்கிறவனைப் பற்றித் துரைராசு கட்டிய பாட்டு. மலர்க்கொடி உட்கார்ந்தாள். மைக்கை இழுத்து வாய்க்கு நேரே வைத்தாள். முன்வரிசையில் யாரோ குசுகுசுத்தார்கள். சிரிடா, சிரி, உன் மாதிரி எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன் என்று மனசுக்குள் வைதாள். இன்றைக்குக் காலை இறுக்கிப் பிடிக்கவில்லை. திக்கினால் திக்கட்டும், என் வாய், என் மைக்.

"லா..."

ஒட்டிக்கொண்டது. கால் தானாகத் தட்டியது. பெடல் இறங்கி, பெரிய டிரம் 'தும்' என்றது.

நெடுமாறன் பட்டனை அமுக்கினான். ஒன்றும் வரவில்லை. மறுபடி அமுக்கினான். ஒயரைப் பிடித்துப் பார்த்தால் முனை மொட்டையாகத் தொங்கியது. தமிழ்நிலா கிட்டாரோடு நின்றாள். ஃபோன் அவள் பேண்ட்டின் பின்பாக்கெட்டில் இருந்தது. அவள் திரும்பி மலர்க்கொடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"லா..." தும்.

ரெத்தினத்துக்குத்தான் முதலில் உறைத்தது. அட, இது சீராக அல்லவா விழுகிறது! சட்டென்று பேஸ் கிட்டாரின் கழுத்தை நிமிர்த்தி ராகவனுக்குக் காட்டினார். ராகவன் கை கீபோர்டுக்கு மேலே போய் நின்றது.

"லா..." தும்.

மலர்க்கொடியின் வலது தோள் ஒரு துளி மேலே ஏறியது. தமிழ்நிலா அதைப் பார்த்தாள்.

"லா!" தும்.

நாலு பேரும் ஒரே அடியில் புகுந்தார்கள். என்ன அடி அது! மேடைப் பலகை அதிர்ந்தது. உட்கார்ந்திருந்த சனம் எழுந்து நின்றது. மலர்க்கொடி வாழ்நாளில் அப்படி அடித்ததில்லை. களத்தில் சிரித்தவனுக்கு ஒன்று, பாபநாசத்தில் சிரித்தவனுக்கு ஒன்று, உளுந்து வயலில் சொல்லாமல் கொள்ளாமல் போன அண்ணனுக்கு இரண்டு என்று போட்டு வெளுத்தாள். தமிழ்நிலா அழுதுகொண்டே பாடினாள், சுருதி விலகவில்லை. நெடுமாறன் மொட்டை ஒயரைக் கையில் வைத்துக்கொண்டு வாயைப் பிளந்து நின்றான்.

பாட்டு முடிந்தது. கடைசித் தட்டின் அதிர்வு அடங்கியது. சனம் கைதட்டப் போகிற நேரம். மலர்க்கொடி மூச்சிரைக்க மைக்கில் குனிந்தாள். பாட்டு முழுக்க மேலண்ணத்தில் ஒட்டிக் கிடந்த நாக்கு இப்போதுதான் இறங்கியது.

"பம்" என்றாள்.