லூசாத்தான் இருக்கு அக்கா

1. திரும்பி வந்தவர்

மல்லிகாவைப் புதுச்சேரியில் ரேடியேஷன் மேஜையிலிருந்து இறக்கித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இடது கை தோளுக்கு மேல் எழவில்லை. கையைத் தலைக்கு மேல் மடக்கி வைத்துப் படுத்தால்தான் ஆபரேஷன் செய்த இடத்தில் கதிர் சரியாக விழும். ஊரில் பார்த்த பிசியோவிடமே போய்க் கையைத் தூக்கப் பழகிவிட்டு வரும்படி சொல்லியிருந்தார்கள்.

அந்த பிசியோ நான்தான். அப்போது, 2007இல், சிதம்பரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை. மல்லிகாவின் கை எந்த அளவுக்கு எழுகிறது என்று வாராவாரம் ஃபோனில் கேட்டுக்கொண்டிருந்தவளும் நான்தான். நன்றாக எழுகிறது என்றுதான் ஒவ்வொரு வாரமும் பதில் வந்தது.

2. தையல்கார அக்கா

முந்தைய ஆடியில் எங்கள் ஆஸ்பத்திரியில்தான் அவருக்கு மார்பை எடுத்தார்கள். அக்குளில் இருந்த நிணநீர் முடிச்சுகளையும் எடுத்தார்கள். இந்த ஆபரேஷன் ஆனவர்களுக்குத் தோள் சீக்கிரம் இறுகிவிடும். சுவரில் விரல்களை ஏணி ஏறுவதுபோல மேலே மேலே நகர்த்த வேண்டும், குச்சியைப் பிடித்துத் தூக்க வேண்டும். தினமும் செய்தால் கை பழையபடி வந்துவிடும்.

அவர் கணவர் கோவிந்தராஜ் சிப்காட்டில் ஷிப்ட் ஆபரேட்டர். குடியிருப்பு குறிஞ்சிப்பாடி. இரண்டு பெண்கள். மூத்தவள் சுகன்யாவுக்குத் தை மாதம் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். டிஸ்சார்ஜ் அன்று கோவிந்தராஜ் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மேடம், இது வெளில தெரிஞ்சா சம்பந்தம் நின்னுடும். அம்மாவுக்கு இருந்தா பொண்ணுக்கும் வரும்னு பேசுவாங்க. பொண்ணுங்ககிட்டயே சாதா கட்டின்னுதான் சொல்லிருக்கேன். இனிமே இங்க கூட்டிகிட்டு வர முடியாது. எதுவா இருந்தாலும் ஃபோன்ல சொல்லுங்க."

கீமோவுக்கும் புதுச்சேரிக்கே போனார்கள். அங்கே தெரிந்த முகம் இருக்காது. முடி கொட்டத் தொடங்கியதும் திருப்பதி வேண்டுதல் என்று சொல்லி மொட்டை அடித்துவிட்டார்கள்.

எங்கள் ஆஸ்பத்திரியில் அப்போதுதான் ஃபோனிலேயே பயிற்சி சொல்லும் திட்டம் ஆரம்பித்திருந்தது. தொலைவிலிருந்து வருபவர்களுக்கு அது நல்ல திட்டம்தான். ஆனால் அவர்கள் வீட்டு ஃபோன் கூடத்தில் இருந்தது. கல்யாண வீடு, ஆள் நடமாட்டம் ஜாஸ்தி. அதனால் மல்லிகா என்னை ஜாக்கெட் தைக்கும் அக்காவாக மாற்றிக்கொண்டார். கை நன்றாக எழுந்தால் லூசு, இறுகினால் டைட்டு. நான் கேட்பேன். அவர், "லூசாத்தான் இருக்கு அக்கா" என்பார். நேரில் ஒரு முறை பார்க்க வேண்டும் என்று சொன்னால், கல்யாணம் முடியட்டும் என்று ஃபோனை வைத்துவிடுவார்.

மாதாந்திரக் கூட்டத்தில் பெரிய டாக்டர் ஃபோன் திட்டத்தைப் பாராட்டிப் பேசினார். நல்ல முன்னேற்றம் என்று அவர் வாசித்த பெயர்களில் மல்லிகா பெயரும் இருந்தது.

3. புருவம்

திரும்பி வந்த அன்று மல்லிகாவைப் படுக்க வைத்துக் கையைத் தூக்கிப் பார்த்தேன். துருப்பிடித்த கீல்போல நின்றது. ஏன் இப்படி என்று கேட்டேன்.

"குளிக்கிற ரூம்ல சொவத்துல செஞ்சிப் பாத்தேன் மேடம். உள்ள என்ன பண்றேன்னு ஒரக்கத்தி கேட்டுட்டா, அதோட விட்டுட்டேன். நீங்க ஃபோன் பண்ணும்போது அவரு பக்கத்துலயே நிப்பாரு. டைட்டுன்னு சொன்னா நீங்க வரச் சொல்வீங்க. அவரு கூட்டியாற மாட்டாரு."

மறுநாளிலிருந்து தினமும் வரச் சொன்னேன். கோவிந்தராஜுக்கு ஷிப்ட். சுகன்யாவின் கல்யாணம் தையிலேயே முடிந்திருந்தது. துணைக்கு வந்தவர் அவள் மாமியார், காடாம்புலியூர்க்காரர். விழுந்து தோள் பிசகிவிட்டது என்று அவரிடம் சொல்லியிருந்தார்கள். முதல் இரண்டு நாள் அவர் பேசாமல் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் மல்லிகா வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தபோது எழுந்து அருகே வந்தார்.

"மொட்ட வேண்டுதல்னு சொன்னீங்க, சரி. புருவத்தையுமா வேண்டிகிட்டீங்க? எங்களுக்கு அப்பவே தெரியும் சம்பந்தி. எங்க அக்காவுக்கும் இதான் வந்துது. நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தோம். பொண்ணு நல்ல பொண்ணு, அது போதும்னுதான் கட்டிகிட்டோம்."

மல்லிகாவின் கை என் கையில் இருந்தது. அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். இன்றைக்கு வலி ஜாஸ்தியாக இருக்கிறது, போதும் மேடம் என்றார்.

அந்த அம்மாள் நல்லவர்தான். ஆனாலும் எனக்கு அவர்மேலும் கோபம் வந்தது. யாரிடமிருந்து மறைக்க அந்தத் தோளை இறுக விட்டார்களோ, அவர்களுக்கு அது முன்பே தெரிந்திருந்தது. அவர்களும் வாய் திறக்கவில்லை.

4. பிறகு

கை போதுமான அளவு எழ ஒன்றரை மாதம் ஆயிற்று. அதன் பிறகுதான் ரேடியேஷன். மறு வருடமே அதே இடத்தில் நோய் திரும்பியது. தாமதம்தான் காரணமா என்று புற்றுநோய் டாக்டரிடம் கேட்டேன். அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். அது உண்மைதான். ஆனால் என் மனம் ஆறவில்லை.

ஃபோனில் பயிற்சி சொல்லும் இளைய பிசியோக்களுக்கு நான் சொல்வது இதுதான். நோயாளி பேச வேண்டாம், ஆமாம், இல்லை என்று மட்டும் பதில் வருகிற மாதிரி கேளுங்கள். இப்போது பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா? கையைத் தூக்கினால் காதைத் தொடுகிறதா? ஒரு தடவையாவது நேரில் பார்க்காத தோளை நல்ல தோள் என்று எழுதாதீர்கள். இதை நான் பெரிய டாக்டரிடமும் சொன்னேன். நல்ல முன்னேற்றப் பட்டியலிலிருந்து மல்லிகா பெயரை எடுத்துவிட்டார்கள். திட்டம் அப்படியே நடந்தது.

மல்லிகா இறந்து பத்து நாளுக்குள் குறிஞ்சிப்பாடி போனேன். வந்தவர்களிடம் கோவிந்தராஜ் ஹார்ட் அட்டாக் என்று சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஓரமாக வந்தார்.

"சின்னவளுக்கு இன்னும் மாப்ள பாக்கணும் மேடம்" என்றார்.

நான் சின்னவள் தேன்மொழியைப் பின்கட்டுக்கு அழைத்துப்போய் அம்மாவுக்கு வந்தது என்ன நோய் என்று சொன்னேன். நீயும் அக்காவும் வருடம் தவறாமல் டாக்டரிடம் காட்டிக்கொள்ள வேண்டும், யார் தடுத்தாலும் கேட்காதீர்கள் என்றேன். அவள் அழவில்லை. ஒன்றுதான் கேட்டாள்.

"அம்மாவுக்கு ரொம்ப வலிச்சிதா?"

ரொம்ப வலித்தது என்றேன். அந்த வீட்டில் யாரும் அதைச் சத்தமாகச் சொன்னதில்லை.